வளைவுக்குக் கீழே ஒரு ஜன்னல்

அந்தக் கட்டடத்துக்கு அதைக் கட்டியவர்கள் நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். வாசலில் வெண்கல எழுத்தில் அது இன்னும் இருக்கிறது. அங்கே தவிர வேறு எங்கேயும் இல்லை. ஊர் முழுக்க அதை 'பீரோ' என்றுதான் சொல்லும். பஸ்ஸில் ஏறி "பீரோ ஒண்ணு" என்றால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். பழைய மர பீரோக்களின் தலையில் ஓர் அலங்காரம் இருக்குமே, இரண்டு பக்கமும் சரிந்து வந்து நடுவில் வட்டமாக வெட்டுப்பட்டு, அதையே கல்லில் செய்து அத்தனை மாடிக்கும் மேலே தூக்கி வைத்திருந்தார்கள். யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஸ்கேல் அக்காவுக்கு வராது. அந்த பீரோவின் முகத்தைக் காகிதத்தில் மையால் வரைந்தவள் அவள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது பயன்பட்டது. மற்ற நாளெல்லாம் அந்த வரைபட அலுவலகத்தில் அவள் ஸ்கேல் அக்காதான். உயரமும் ஒல்லியும் ஒரு காரணம், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாதது இன்னொரு காரணம். பெரிய மேஜை மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, குனிந்தால் மத்தியானம் வரை நிமிர மாட்டாள். மை எங்காவது பிசகினால் பாதி பிளேடால் மேலாகச் சுரண்டி எடுப்பாள். சுரண்டின இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது.

அலுவலகத்தின் தலைவரை எல்லோரும் தொப்பிக்காரர் என்பார்கள். அறைக்குள் இருக்கும்போதும் தொப்பி போட்டிருப்பார். கண்ணாடிப் பெட்டிகளாகக் கட்டித்தள்ளுகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம். "கட்டடம்னா அதுக்கு ஒரு தலை வேணும், முகம் வேணும், கால் வேணும்," என்பார். பத்திரிகைகள் அதைப் பின்நவீனத்துவம் என்று எழுதின. ஸ்கேல் அக்காவுக்கு அந்தச் சொல் எந்தக் காலத்திலும் வாயில் நுழைந்ததில்லை. அவளுக்குத் தெரிந்தது இதுதான்: தலை எதையும் மூடவில்லை, கால் எதையும் தாங்கவில்லை. உள்ளே இரும்புச் சட்டம் தன்பாட்டுக்கு நின்றது. அதன் மேல் விரல் தடிமனுக்கு இளஞ்சிவப்புக் கல்லை ஒட்டினார்கள். வாசலில் வரிசையாக நிற்கிற ராட்சதத் தூண்களைத் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம் வரும்.

முகத்திலும் அதே கதைதான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே முகத்தின் நடுவில் பெரிய வளைவு ஒன்று. வளைவின் கீழ் இடது பக்கம் ஒரு வரிசை ஜன்னல், வலது பக்கம் ஒரு வரிசை ஜன்னல். இடது பக்கம் அலுவலக அறைகள். வலது பக்கம் லிஃப்ட் ஓடுகிற குழி, கான்கிரீட் சுவர். அங்கே ஜன்னல் வைக்க முடியாது. வைக்காவிட்டால் முகம் ஒற்றைக் கண்ணோடு நிற்கும். தொப்பிக்காரர் யோசிக்கவே இல்லை. "வலது பக்கமும் அதே ஜன்னலைப் போடும்மா. கறுப்புக் கண்ணாடி, அதே சட்டம். பின்னாடி சுவர் இருந்தா வெளியில இருக்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார். அலுவலகத்தில் அவற்றுக்குப் பொய் ஜன்னல் என்று பெயர். ஸ்கேல் அக்காவை நம்பி முதன்முதலில் மையைக் கொடுத்தபோது அவர்கள் கொடுத்தது அந்த வலது வரிசையைத்தான். பொய் ஜன்னலில் பிசகினால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் வாசல் தூண்களுக்கு நடுவே போட வேண்டிய கல் பெஞ்சும் அவள் தலையில் விழுந்தது. நகரசபை பொதுமக்கள் உட்கார இடம் கேட்டிருந்தது. கட்டடக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். தொப்பிக்காரர் இருவருக்கும் நல்லவராக ஒரு வழி கண்டுபிடித்தார். "உட்காரட்டும். குடியிருக்கக் கூடாது. அகலத்தைக் குறை, முதுகுக்கு ஒண்ணும் வைக்காதே, முன்பக்கம் லேசா சரிச்சுடு." அவள் சரித்து வரைந்தாள். அப்போது அதில் அவளுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சரிவின் கோணம் காகிதத்தில் அழகாக வந்தது என்று சந்தோஷம்கூடப் பட்டாள்.

அந்தக் காலத்தில் அவளுடைய தம்பி காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவள் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். மேஜை மேல் விரிந்திருந்த கட்டடத்தைப் பார்த்துவிட்டு அசந்துபோனான்.

"இதுல நீ போட்டது எதுக்கா?"

அவள் வளைவுக்குக் கீழே வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான் நான் முதல்ல போட்ட ஜன்னல்."

அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். அது பொய் ஜன்னல் என்று அவள் சொல்லவில்லை. அவன் முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க மனம் வரவில்லை.

கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு நடக்கவில்லை. அப்பா போனபின் வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். அதற்கே பொழுது சரியாகிவிட்டது. பீரோ எழும்பி முடிந்தது. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது, அவளும் கற்றுக்கொண்டாள். தொப்பிக்காரருக்கு வயதாகி அவருடைய மருமகன் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தாள். சேர்த்துவைத்தும் நடை வரவில்லை. மாடி வீட்டின் முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகள், பெட்ரோல் பங்க், அதற்கும் அப்பால் பீரோவின் மேல்பாதி. அம்மாவுக்கு உலகம் அவ்வளவுதான் என்று ஆயிற்று.

தம்பி ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கெழுதினான். அந்தக் கம்பெனி ஒரு நாள் காலையில் ஷட்டரை இறக்கிவிட்டது. இரண்டு மூன்று மாதம் வீட்டிலேயே கிடந்தான். முகம் செத்துப்போய், அம்மா கூப்பிட்டால்கூட 'ம்' என்று மட்டும் சொல்வான். பிறகு ஒரு சாயங்காலம் தலையை வாரிக்கொண்டு உள்ளே வந்து, வேலை கிடைத்துவிட்டது என்றான்.

"எங்கடா?" என்றாள் அம்மா.

"பீரோவுல."

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் கண்ணு முன்னாடியா? எந்த ஜன்னல்டா, காட்டுடா."

அவன் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் விரலைப் பிடித்து நீட்டினான். "அந்த வளைவு தெரியுதா? அதுக்குக் கீழ. வலது ஓரம். அதாம்மா என் சீட்டு."

கதவருகே நின்றிருந்த ஸ்கேல் அக்காவுக்கு அது பொய் ஜன்னல் என்று தெரியும். அவசரத்தில் இடது வலது மாறியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "அங்கேருந்து பார்த்தா என்னடா தெரியும்?" என்று கேட்டாள்.

"நம்ம வீடு தெரியுதுக்கா. மொட்டை மாடியில காயற துணிகூடத் தெரியுது."

அந்தப் பக்கம் கான்கிரீட்டைத் தவிர எதுவும் தெரியாது. அவள் சோற்றை மென்று முழுங்கினாள், கூடவே வாயில் வந்த வார்த்தையையும்.

ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் மறுபடியும் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். பொய்யோ மெய்யோ, காலையில் எழுந்து குளிக்கிறானே, சட்டைக்கு இஸ்திரி போடுகிறானே, டப்பாவை வாங்கிக்கொண்டு படியிறங்குகிறானே. எங்கேயோ வேலை தேடுகிறான், கிடைத்ததும் தானே சொல்வான் என்று நினைத்தாள். சம்பளத்தைப் பாங்கில் போட்டு வைக்கிறேன் என்றான், சரி என்றாள். வீடு முன்பு போலவே அவள் சம்பளத்தில் ஓடியது.

அம்மாவோ அந்த ஜன்னலுக்குக் காவல்காரி ஆகிவிட்டாள். வீடு பீரோவுக்கு மேற்கே இருந்தது. சாயங்கால வெயில் நேரே பீரோவின் முகத்தில் அடிக்கும். அத்தனை கண்ணாடியும் பளபளக்கும். பொய் ஜன்னலும் சேர்ந்துதான். "சின்னவன் விளக்குப் போட்டுட்டான்," என்பாள் அம்மா. வெயில் இறங்கினதும் நிஜ ஜன்னல்களில் மின்விளக்கு எரியும், வலது வரிசை மட்டும் இருண்டுபோகும். "அணைச்சுட்டான். கிளம்பிட்டான். டீ போடு." டீ கொதிப்பதற்கும் தம்பி படியேறுவதற்கும் சரியாக இருக்கும்.

"மத்தவனெல்லாம் ராத்திரி வரைக்கும் உக்காந்து இழுத்துக்கிட்டு இருக்கான். என் பிள்ளை டயத்துக்கு முடிச்சுட்டு வந்துடறான் பாரு," என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்வாள். மேகம் போட்ட நாளில் வெளிச்சமே வராது. அன்றைக்கு, "ஆபீஸ் கரண்ட்னாலும் மிச்சம் பிடிக்கிறான்," என்பாள். அதற்கு ஸ்கேல் அக்கா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

தம்பிக்கு இடுப்பிலும் முதுகிலும் வலி வந்தது. "ஆபீஸ் நாற்காலி சரியில்லக்கா. முன்னாடி வழுக்கிக்கிட்டே இருக்கு. காலை ஊணி ஊணி கெண்டைக்கால் இழுத்துக்குது," என்பான். அவள் தைலம் தேய்த்துவிடுவாள். அம்மா கட்டிலில் இருந்தபடியே, "மேனேஜர்கிட்டச் சொல்லி வேற நாற்காலி கேளுடா. வாயைத் திறக்க மாட்டியா?" என்று அதட்டுவாள். அவன் கேட்கிறேன் என்பான். இப்படியே ஒரு மழைக்காலம் போய் அடுத்த வெயில்காலம் வந்துவிட்டது.

மாமா வந்துதான் எல்லாம் கலைந்தது. அம்மாவின் தம்பி; நல்ல மனுஷன், ஆனால் எதிலும் மூக்கை நுழைக்காமல் அவரால் இருக்க முடியாது. வந்து உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே, "வியாழக்கிழமை எனக்கு பீரோவுல இன்சூரன்ஸ் வேலை இருக்கு. அப்படியே மேல போய் மாப்பிள்ளையை அவன் சீட்டிலேயே ஒரு போட்டோ பிடிச்சுட்டு வர்றேன். நீ ஜன்னலுக்கு வெளிய இருந்துதானே பார்க்கிற, உள்ள எப்படி இருக்கும்னு பார்க்க வேண்டாமா?" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா போனதும் தம்பியின் பின்னாலேயே ஸ்கேல் அக்கா மாடிப்படிக்கு வந்தாள். குட்டு வெளிப்படாமல் அவனைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மனத்தில். வரைபடத்தில் பிசகைச் சுரண்டி எடுப்பதுபோல இதையும் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று நம்பினாள்.

"வியாழக்கிழமை கம்பெனி வேலையா வெளியூர் போறேன்னு மாமாகிட்டச் சொல்லிடு."

அவன் ஒரு படி இறங்கினான்.

"அப்புறம், அம்மாகிட்ட சீட்டு மாத்திட்டாங்கன்னு சொல்லி இடது பக்க வரிசையைக் காட்டு. நீ காட்டினது ஜன்னல் இல்லடா. கண்ணாடிக்குப் பின்னாடி சுவர்தான். லிஃப்ட் குழி."

படியில் நின்றபடி அவன் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை, அதுதான் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "எப்போலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"நீ சொன்ன அன்னிக்கே."

"தினமும் தைலம் தேய்ச்சுவிட்டியேக்கா," என்றான். அவ்வளவுதான். மேலே போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் வழக்கம்போல எழுந்தான், குளித்தான், இஸ்திரி போட்டான். டப்பாவை வாங்கிக்கொண்டான். அம்மாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்று போர்வையைச் சரிசெய்தான். அன்றைக்குச் சாயங்காலம் ஜன்னல் பளபளத்தது, பிறகு அணைந்தது, டீயும் கொதித்தது. அவன் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

தேடாத இடம் இல்லை. மாமா பழைய கம்பெனிக்காரர்களை எல்லாம் போய்ப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள், எங்கே வேலை என்று. ஸ்கேல் அக்கா, வேலை இல்லை என்றாள். மாமா அதிர்ந்துபோய் அவளைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும், "தெரிஞ்சுமா சும்மா இருந்தே?" என்று மட்டும் கேட்டார். தெரிந்து சும்மா இருந்தது தப்பா, சும்மா இருந்ததைக் கடைசியில் சொன்னது தப்பா என்று அவளுக்கே விளங்கவில்லை. அம்மாவிடம், கம்பெனி அவனை வெளியூருக்கு அனுப்பியிருக்கிறது என்று மாமாவே சொல்லிவைத்தார்.

ஒரு மத்தியானம் அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு பீரோவுக்குப் போனாள். அதை வரைந்தவள், அது முடிந்தபிறகு அதன் வாசலுக்குப் போனதே இல்லை; போக வேண்டிய வேலை எதுவும் வரவில்லை. தூண்களின் நடுவே நிழல் குளிர்ச்சியாக இருந்தது. மேலே ஏறிப்போகிறவர்கள் யாரும் தூணைப் பார்க்கவில்லை. என்ன தேடி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கால் வலித்ததால் கல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் முன்னால் வழுக்கினாள். பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்; மறுபடியும் வழுக்கியது. காலை ஊன்றிக்கொண்டாள். சாய முதுகுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையாலும் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வாசல் காவலாளி பக்கத்தில் வந்தார். நடுவயது, சாந்தமான குரல். "உடம்பு சரியில்லையாம்மா? தண்ணி வேணுமா?"

அவள் கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டினாள். அவர் பார்த்த உடனே தலையாட்டினார். "இவரா? தினமும் இங்கதான் உக்காந்திருப்பார். காலையில வந்தா வெயில் இறங்கித்தான் போவார். முதல்ல ரொம்ப நாள் மேல ஒவ்வொரு ஆபீஸா ஏறி வேலை கேட்டார். அப்புறம் கேக்கறதையும் விட்டுட்டார். யாருக்கும் தொந்தரவு இல்ல, அதனால நான் எழுப்பினதில்ல. அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"அப்ப அந்த அக்கா நீங்கதானா?" என்றார் காவலாளி. "டப்பாவைத் திறக்கறப்பெல்லாம் மேல கையைக் காட்டுவார். வளைவுக்குக் கீழ ஓரத்துல ஒரு ஜன்னல் இருக்குல்ல, அது எங்க அக்கா வரைஞ்சது, முதல் முதல்ல வரைஞ்சதுன்னு சொல்லுவார். சொன்னதையே சொல்லுவார். இப்பக் கொஞ்ச நாளா ஆளைக் காணோம். வேலை கிடைச்சிருச்சாக்கும்னு நினைச்சேன்."

அவள் தலையை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு கிட்டத்திலிருந்து வளைவே தெரியவில்லை. வெறும் கல்தான் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ ஜன்னல் இருக்கிற அந்த முகத்தில் அவன் ஏன் அதைக் காட்டினான் என்று இத்தனை நாளும் அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. தெரியாமல் மாட்டிக்கொண்டான் என்றே நினைத்திருந்தாள். வாய்விட்டு அழுதாள். காவலாளி கொஞ்சம் தள்ளிப்போய் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார முயன்று முடியாமல் தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் ஈரம்.

"நீ என்கிட்ட எதையோ மறைக்கிற. சின்னவன் வெளியூர்னு சொல்றீங்க. அப்ப அவன் சீட்டுல தினமும் யாரு விளக்குப் போடறா?"

ஸ்கேல் அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வளைவுக்குக் கீழே, வலது ஓரம், நெருப்பு மாதிரி எரிந்தது.

"அவன் சீட்டை வேற எவனுக்கோ குடுத்துட்டாங்க. அதான் அவன் வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்கு வரல. நீ போய்க் கேளு. நல்லா வேலை செய்யற பிள்ளைன்னு சொல்லு. உனக்கு அந்தக் கட்டடம் தெரியுமே, நீ போய்க் கேக்கலாமே."

இன்னொரு பொய் வாய் வரை வந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க யாரும் உக்காரலம்மா. அது ஜன்னலே இல்ல. சுவர். வெயில் பட்டு மின்னுது. நான்தான் வரைஞ்சேன்."

அம்மா வெகுநேரம் அதையே பார்த்தாள். வெயில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அந்த வரிசை இருண்டது. டீ போடு என்று அவள் சொல்லவில்லை.

"அப்ப இத்தனை நாளும் என் பிள்ளை எங்கடி உக்காந்திருந்தான்?"

"கீழேம்மா. வாசல்ல தூண் இருக்கு. நடுவுல பெஞ்சு போட்டிருக்கு."

"வெயில் படுமா?"

"படாது. நிழல்தான்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள், தூங்கிவிட்டாள் என்றுகூடத் தோன்றியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "முதுகு வலிக்குதுன்னு சொல்லுவானே. சாய்ஞ்சு உக்கார ஏதாவது இருக்கா அங்க?"

ஸ்கேல் அக்கா அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கும்மா," என்றாள்.